கேமரா ஜீப்புக்குள்ளே இருந்தது: ஏற்காடு மலைப்பாதை விபத்து ஒன்றின் முழு விவரம்

பின்னணி

நான் சேலத்தில் வாகன விபத்து வழக்குகள் பார்க்கிற வக்கீல். போலீஸ் ரோந்து ஜீப்பின் டேஷ் கேமராவில் பதிவான ஒரு வீடியோவை நான் இரண்டு முறை தப்பாகப் படித்தேன், ஒரு முறை என் கட்சிக்காரருக்கு எதிராக, இன்னொரு முறை போலீசுக்கு எதிராக. அதைத்தான் எழுதப் போகிறேன். யார், எந்த வளைவு, எந்த நிலையம், எந்த மாதம் என்பதெல்லாம் வராது. ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில சில்லறை விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருந்தாலும் சேலத்துக்காரருக்குப் பழகியது இதுதான். மழைக்கால இரவில் பாதி மலைக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிட்டால் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கே ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் மங்கிவிடும். போனவர்களுக்குத் தெரியும்.

என் கட்சிக்காரப் பையனுக்கு 22 வயது. மேலே ஒரு தங்கும் விடுதியில் சமையலறை வேலை, வீடு கோரிமேட்டுப் பக்கம், தினமும் பைக்கில் ஏறி இறங்குகிறவன். ஜீப்பில் இரண்டு பேர்: ஓட்டியவர் ஒரு காவலர், பக்கத்தில் ஒரு எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு உதவி ஆய்வாளர். கேமரா மாட்டி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. மாட்டியதோடு சரி, மணி வைப்பது யார், கார்டைக் கழற்றுவது யார், எத்தனை நாள் வைத்திருப்பது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

அன்று இரவு

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால். மேலே ஒரு கடை அருகில் தகராறு என்று அழைப்பு வந்ததால் ஜீப் ஏறிக்கொண்டிருந்தது, பையன் வேலை முடிந்து இறங்கிக்கொண்டிருந்தான். ஜீப்புக்கு இடப்பக்கம் திரும்புகிற ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப்பின் வலது முன்பக்கமும் பைக்கும் மோதின. பையனுக்கு வலது தொடை எலும்பு முறிந்தது, தலைக்கவசம் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. 108 வந்து சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் எஸ்.எஸ்.ஐ. கொடுத்த அறிக்கையின் பேரில் பையன் மீதே எஃப்.ஐ.ஆர். பாரதிய நியாய சன்ஹிதா 281, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279: அஜாக்கிரதையாகவும் அதிவேகமாகவும் ஓட்டியது. பையனின் வீட்டார் சொன்னது நேர் எதிர். ஜீப் வளைவை விட்டு வெளியே வந்து அடித்தது, அடித்த பிறகு கால்மணி நேரம் ஆம்புலன்சைக் கூப்பிடாமல் நின்றார்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. இருட்டு, பனி, வலி, பயம் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது கால்மணி நேரம் எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்?

என் முதல் தவறு

நாலாம் நாள் பையனின் தாய்மாமன் என் அலுவலகத்துக்கு வந்தார். எஸ்டேட் லாரி ஓட்டுகிறவர், அந்த மலையில் முப்பது வருஷமாக மிளகு மூட்டையும் காப்பி மூட்டையும் இறக்கியவர். அவர் வருவதற்கு முன்பே வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ கம்ப்யூட்டர் திரையில் ஓடவிட்டு, அதைச் செல்போனில் நெட்டுக்குத்தாகப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். மொத்தம் 19 வினாடி. திரையின் கீழ்ப்பகுதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டதால் மணியும் தெரியவில்லை, வேகமும் தெரியவில்லை.

அதைப் பார்த்தால் யாருக்கும் ஒரே முடிவுதான் தோன்றும். பனிக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி, சின்னதாக, எங்கோ தூரத்தில். பிறகு இரண்டே வினாடியில் திரை முழுக்க வெள்ளை, மோதல். பையன் பறந்து வந்த மாதிரி இருந்தது. நான் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "சமாதானமாகப் போகப் பாருங்கள், எஃப்.ஐ.ஆரை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதே நல்லது" என்று சொல்லிவிட்டேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அப்படி ஒப்புக்கொண்டிருந்தால் இழப்பீட்டு மனுவின் கழுத்தை நானே நெரித்திருப்பேன்.

மாமா எழுந்து போகவில்லை. போனைக் கையில் வாங்கி இன்னொரு முறை ஓடவிட்டார். "வக்கீல் சார், இந்தக் கேமரா ஜீப்புக்குள்ள இருக்குதுங்க. ஜீப்பு எவ்வளவு வேகத்துல போச்சுன்னு இதுல எங்கீங்க தெரியுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பகலில் எடுத்த வீடியோ என்றால் ஓரத்து மரங்கள் பின்னால் ஓடுவதைப் பார்த்து ஏதோ மதிப்பிடலாம். இரவில், பனியில், கண்ணாடிக்கு முன்னால் ஒரு சாம்பல் சுவரும் ஒரு வெளிச்சமும்தான் இருக்கின்றன. ஜீப் நின்றுகொண்டிருக்கிறது, பைக் மட்டும் பாய்ந்து வருகிறது என்றே கண் எடுத்துக்கொள்ளும். இரண்டு வண்டியும் தலா 30 கிலோமீட்டரில் வந்தாலும் திரையில் தெரிவது 60. அந்த 60 முழுவதையும் நான் பையன் கணக்கில் எழுதியிருந்தேன். போதாததற்கு இந்தக் கேமராக்களில் இருப்பது அகன்ற கோண லென்ஸ். தூரத்தில் உள்ளதை நிஜத்தைவிடச் சின்னதாகக் காட்டி, கிட்டே வந்ததும் திடீரென்று ஊதிவிடும்.

அன்று மாலையே மூலப் பதிவைக் கேட்பது என்று முடிவு செய்தோம்.

கார்டில் மிஞ்சியது

முதலில் நிலைய ஆய்வாளருக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: கேமராவின் மெமரி கார்டை அப்படியே கழற்றி வைக்க வேண்டும், வெட்டவோ மாற்றிப் பதியவோ கூடாது. அதோடு நடுவர் நீதிமன்றத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94இன் கீழ் கார்டை வரவழைக்க மனு. நேராகப் போலீஸ் மீது புகார் கொடுக்க வீட்டார் துடித்தார்கள், நான் தள்ளிவைத்தேன். புகார் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், கார்டு அப்படிக் காத்திருக்காது.

ஏன் காத்திருக்காது என்று தெரியாதவர்களுக்காக ஒரு கணக்கு. இந்த மாதிரிக் கேமரா 1080 தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஆறேழு ஜி.பி. தின்னும். உள்ளே இருந்தது 64 ஜி.பி. கார்டு. எட்டொன்பது மணி நேரம் வண்டி ஓடினால் கார்டு நிரம்பி, பழையதை அழித்து அதன் மேலேயே எழுதத் தொடங்கும். ஜீப்புக்கு முன்பக்க பம்பர் நசுங்கியதைத் தவிர ஒன்றுமில்லாததால் மறுநாளே பணிக்குப் போய்விட்டது. ஆக, நாங்கள் கடிதம் எழுதிய நாலாம் நாளில் விபத்து இரவின் பெரும்பகுதி ஏற்கெனவே இல்லை. சாத்தான்குளத்தில் 2020இல் நடந்த தந்தை, மகன் காவல் மரணத்தை விசாரித்த நடுவர், 1 டி.பி. இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டது பலருக்கு நினைவிருக்கும். அதே வருஷம் டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கச் சொன்னது, அதற்கு வசதியில்லை என்றால் குறைந்தது ஒரு வருஷமாவது. அது நிலையத்துக்குச் சொன்னது. ஓடுகிற ஜீப்பின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமரா எட்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.

எங்களுக்கு அதிர்ஷ்டம் இரண்டு விதத்தில் இருந்தது. கேமராவுக்குள் அதிர்ச்சியை உணர்கிற சென்சார் இருக்கும். பலமான குலுக்கல் வந்தால் அந்த நிமிடத்துப் பதிவையும் முன்பின் நிமிடத்தையும் அழியாதபடி பூட்டி வைக்கும். மோதலில் அது வேலை செய்தது. இன்னொன்று, எஸ்.எஸ்.ஐ. மறுநாள் காலையிலேயே அந்தப் பூட்டிய பதிவுகளைத் தன் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தார், யாரும் சொல்லாமலே. அந்தப் பென்டிரைவிலிருந்துதான் யாரோ போனில் படம் பிடித்து வெளியே விட்டார்கள், அது வேறு கதை. கார்டு நீதிமன்றத்துக்கு வர ஐந்து வாரம் ஆனது. ஹாஷ் எண் என்பது ஒரு கோப்பின் கைரேகை மாதிரி, கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அது மாறிவிடும். வந்தபோது கார்டில் உள்ள பதிவின் ஹாஷ் எண்ணும் பென்டிரைவில் உள்ளதன் ஹாஷ் எண்ணும் ஒன்றாகவே இருந்தன, ஒரு எழுத்து மாறவில்லை. எஸ்.எஸ்.ஐ. வெட்டி ஒட்டிவிட்டார் என்று வீட்டார் ஊரெல்லாம் சொன்னது அன்றோடு போயிற்று.

பாரதிய சாக்ஷ்ய அதினியம், அதாவது புதிய சாட்சியச் சட்டம், 63ஆம் பிரிவுச் சான்றிதழில் இந்த ஹாஷ் எண்ணைக் குறிப்பிட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயமா இல்லையா என்று வருஷக்கணக்கில் இழுபறியாக இருந்ததை 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கு தீர்த்து வைத்தது. மின்னணுப் பதிவின் நகலை வைத்து வாதிட வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். புதுச் சட்டத்தில் படிவமே இரண்டு பகுதி, ஒன்று பதிவைத் தருகிறவர் கையெழுத்திட, மற்றது நிபுணர் கையெழுத்திட. வாட்ஸ்அப்பில் வந்த 19 வினாடியை வைத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏறியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

மூன்று ஒரு நிமிடத் துண்டுகள் எங்கள் கைக்கு வந்தன: மோதலுக்கு முந்தைய நிமிடம், மோதிய நிமிடம், அதற்கு அடுத்த நிமிடம். ஒலி எதிலும் இல்லை.

கடிகாரமும் என் இரண்டாவது தவறும்

மூலப் பதிவில் கீழே மணி தெளிவாக இருந்தது. மோதல் 20:38:09. ஆம்புலன்ஸ் பதிவேட்டில் 108க்கு அழைப்பு வந்த நேரம் 20:51.

மாமா மேசையைத் தட்டினார். பதின்மூன்று நிமிஷம்! பையன் சொன்னது அப்படியே சரியாகிவிட்டதே. எனக்கும் ரத்தம் சூடாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு, காயம்பட்டவருக்கு உடனே மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது, அதை மேற்கோள் காட்டி அன்று இரவே ஒரு புகார் தட்டச்சு செய்து முடித்தேன். மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு நகல் என்று போட்டிருந்தேன். மூன்றாவது துண்டை நாங்கள் சரியாகப் பார்க்கவே இல்லை. அதில் ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை, விழுந்து கிடக்கும் பைக்கும் ஹெட்லைட் வெளிச்சமும்தான், பத்து வினாடியில் நிறுத்திவிட்டோம்.

மறுநாள் காலை, கையெழுத்துப் போடும் முன்னால், ஏனோ அதை முழுதாக ஓடவிட்டேன். 20:38:55இல் காவலர் ஜீப்பின் ஹெட்லைட்டுக்கு முன்னால் குறுக்கே வருகிறார், காதில் போன். பேசிக்கொண்டே குனிந்து, தன் ஒளிரும் கோட்டைக் கழற்றிப் பையனின் தலைக்குக் கீழே வைக்கிறார். ஓரத்தில் எஸ்.எஸ்.ஐ. டார்ச் லைட்டை ஆட்டி மேலிருந்து வருகிற வண்டியை நிறுத்துகிறார்.

காவலரின் போனில் அன்று இரவு 108க்குப் போன அழைப்பு ஒன்றே ஒன்றுதான், 20:51க்கு. ஆக, கேமராவின் மணி பன்னிரண்டு நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. மோதியதற்கும் அழைத்ததற்கும் நடுவில் 46 வினாடி.

புகாரைக் கிழித்துப் போட்டேன். வீட்டாருக்கு இது பிடிக்கவில்லை, போலீசுக்கு நான் விலைபோய்விட்டதாகக்கூட ஒரு உறவினர் சொன்னார். மாமா மட்டும் அந்தத் துண்டை மூன்று தடவை பார்த்துவிட்டு, "கோட்டு வெச்சிருக்கான் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்று: வெளியே சுற்றிய 19 வினாடித் துண்டில் இந்த நிமிடம் இல்லை. அந்தக் காவலருக்கு ஆதரவாக அந்தக் கார்டில் இருந்த ஒரே காட்சியை, அவர் பக்கத்து ஆள் யாரோதான் வெட்டி எறிந்திருக்கிறார்.

வேகம்

சரி, வேகத்துக்கு வருவோம். மூலப் பதிவின் கீழ்ப்பட்டையில் மணிக்குப் பக்கத்திலேயே ஜி.பி.எஸ். வேகம் இருந்தது. வளைவில் நுழையும்போது ஜீப்பின் வேகம் 31.

நேர் ரோட்டில் 31 என்பது நடை. ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் பஸ்காரர்கள் முதல் கியர், இரண்டாம் கியர் என்று ஊர்ந்துதான் திரும்புவார்கள். பகலிலேயே 15, 20க்கு மேல் போகிறவர்களை மாமா கைகாட்டித் திட்டுவார். பனியில் 31 அதிகம். மேலே தகராறு என்ற அழைப்பு வந்திருந்தது, அவசரம் புரிகிறது, ஆனாலும் அதிகம். மரங்களும் மலைச்சுவரும் மறைக்கிற இடத்தில் ஜி.பி.எஸ். எண் ஓரிரு வினாடி பின்தங்கும் என்று அரசுத் தரப்பு சொன்னது, அதுவும் சரியான வாதம்தான், ஆனால் அப்படிப் பார்த்தாலும் முந்தைய பத்து வினாடியில் எண் 29க்குக் கீழே இறங்கவே இல்லை.

பையனின் வேகத்தைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். வளைவின் வெளிவிளிம்பில் இரும்புத் தடுப்பு இருக்கிறது, அதன் கால்கள் இரண்டு மீட்டருக்கு ஒன்று. நாங்களே டேப் வைத்து அளந்தோம். பைக் வெளிச்சம் அந்தக் கால்களை ஒவ்வொன்றாகக் கடந்து வருவது வீடியோவில் தெரிகிறது. பத்துக் கால்கள், நடுவில் ஒன்பது இடைவெளி, 18 மீட்டர். அதைக் கடக்க 62 ஃபிரேம். கேமராப் பெட்டியில் வினாடிக்கு 30 ஃபிரேம் என்று போட்டிருந்தாலும், வினாடி எண் மாறுகிற இடங்களை வைத்து எண்ணினால் 27, 28, 28 என்றுதான் வந்தது. இருட்டில் பல கேமராக்கள் இப்படிக் குறைத்துக்கொள்ளும். 28 என்று வைத்தால் 2.2 வினாடி, மணிக்கு 29 கிலோமீட்டர் சொச்சம். பைக் தடுப்பை ஒட்டி வரவில்லை, ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி வந்தது, ஜீப்பும் நகர்ந்துகொண்டிருந்தது, எனவே பார்வைக் கோணத்தில் பிழை வரும். எங்களுக்கு உதவிய ஓய்வுபெற்ற பொறியியல் ஆசிரியர் 25 முதல் 33க்குள் என்றுதான் எழுதித் தந்தார், ஒற்றை எண்ணாகத் தர மாட்டேன் என்று பிடிவாதமாக மறுத்துவிட்டார். அந்த மறுப்புதான் பிறகு அவர் அறிக்கைக்கு மதிப்பைக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

பறந்து வந்ததாக நான் நம்பிய பையன், ஜீப் வந்த அதே வேகத்தில் வந்திருந்தான்.

வளைவில் ஒரு விடிகாலை

அடுத்த கேள்வி, ரோட்டில் யார் எங்கே இருந்தார்கள். நடுக்கோடு அந்த இடத்தில் தேய்ந்து போயிருந்தது. போலீஸ் தயாரித்த ரஃப் ஸ்கெட்ச்சில் மோதிய இடம் நட்டநடு ரோட்டில் ஒரு பெருக்கல் குறி.

இடப்பக்கம் இறுக்கமாகத் திரும்பும் வளைவில் ஏறுகிற ஓட்டுநர்கள் செய்வது ஒன்று உண்டு. முதலில் வண்டியை வலப்பக்கம் அகலமாக வெளியே விட்டு, பிறகு ஒடித்து உள்ளே வளைப்பார்கள். கனரக வண்டிக்கு வேறு வழியே இல்லை. ஜீப்புக்கு அது தேவையில்லை, ஆனால் வேகமாகப் போனால் தானாக அப்படித்தான் போகும். இறங்கி வருகிறவனுக்கு அந்த வெளிப்பக்கம்தான் அவனுடைய இடது, அவனுடைய பாதை.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு, தெரிந்தவர் ஒருவரின் அதே ரக வண்டியில், அதே உயரத்தில் அதே மாடல் கேமராவை ஒட்டிக்கொண்டு வளைவுக்குப் போனோம். கூட வந்த பையன்கள் இரண்டு பேர் மேலும் கீழும் சிவப்புத் துணியோடு நின்றார்கள். மோதிய கணத்தின் ஃபிரேமை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு, தடுப்பின் கால்களும் பானெட்டின் விளிம்பும் அச்சு அசலாகப் பொருந்தும் வரை வண்டியை முன்னும் பின்னும் ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்தினோம். மாமாதான் ஓட்டினார். முக்கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் ஏற்காட்டுக்குப் போகிற முதல் பஸ் வந்துவிட, நடத்துநர் இறங்கி வந்து "சினிமா ஷூட்டிங்கா?" என்று கேட்டார்.

பொருந்திய இடத்தில் அளந்தோம். ரோட்டின் அகலம் அங்கே ஒன்பது மீட்டர். ஜீப்பின் வலது முன்சக்கரம் வெளித்தடுப்பிலிருந்து மூன்றரை மீட்டரில் இருந்தது. அதாவது நடுவைத் தாண்டி ஒரு மீட்டர்.

எதிர்த்தரப்பு கேட்டது நியாயமான கேள்வி: மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தானே முன்னுரிமை? ஆமாம், 2017ஆம் ஆண்டு ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் அப்படித்தான் சொல்கின்றன, அதற்கு முன்னால் 1989ஆம் ஆண்டு விதிகளும் சொல்லின. ஆனால் அது இரண்டு வண்டி ஒரே நேரத்தில் போக இடம் போதாத ரோட்டுக்கு. ஒன்பது மீட்டர் அகலத்தில் ஒரு ஜீப்பும் ஒரு பைக்கும் தாராளமாகப் போகலாம்.

அதே நேரத்தில் பையன் மீதும் ஒன்று நின்றது. மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் பைக்கின் பின் பிரேக் ஷூ தேய்ந்து போயிருந்தது. தினமும் இருபது வளைவு இறங்குகிறவன், இரண்டு மாதமாக மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டதாக அவனே ஒப்புக்கொண்டான். பனியில் 29 அவனுக்கும் அதிகம்தான்.

ஒலி

ஹாரன் அடித்தார்களா? எஸ்.எஸ்.ஐ. இரண்டு முறை அடித்தோம் என்றார். பையன் சத்தமே கேட்கவில்லை என்றான். கேமராவில் மைக் இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள்.

ஏன் அணைத்தீர்கள் என்று விசாரணையில் கேட்டபோது எஸ்.எஸ்.ஐ. நேராகவே பதில் சொன்னார்: பன்னிரண்டு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறோம், வீட்டுக்குப் போன் பேசுவோம், மேலதிகாரியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவோம், எல்லாம் பதிவாக வேண்டுமா? இந்தப் பதிலில் எனக்குக் கோபம் வரவில்லை. உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது போல. சிகாகோவில் 2014இல் ஒரு கறுப்பின இளைஞனைப் போலீஸ்காரர் சுட்டுக்கொன்ற காட்சி ரோந்துக் காரின் கேமராவில் பதிவாகி, பதின்மூன்று மாதம் கழித்து வெளியே வந்தபோது அதில் பேச்சொலி எதுவும் இல்லை. பிறகு அந்தத் துறையே கணக்கெடுத்ததில் சுமார் 850 கார் கேமராக்களில் 80 சதவீதம் ஒலியைப் பதியவே இல்லை என்று தெரிந்தது.

எஸ்.எஸ்.ஐ.யிடம் நான் வேறொன்றைச் சொன்னேன். அமெரிக்காவில் ரோந்துக் கார் கேமராக்கள் பரவிய காலத்தில் காவல்துறைத் தலைவர்களின் சர்வதேச சங்கம் ஒரு ஆய்வு நடத்தியது. போலீஸ்காரர் மீது புகார் வந்து, வீடியோவும் இருந்த நேர்வுகளில் 93 சதவீதத்தில் அவர் மீது தப்பில்லை என்று ஆனது. அது அவர்கள் சங்கமே நடத்தியது என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டே பார்க்க வேண்டும். இருந்தாலும், ஹாரன் அடித்ததாக நீங்கள் சொல்வது உண்மை என்றால், அதை நிரூபித்திருக்கக்கூடிய ஒரே சாட்சியின் வாயை நீங்களேதான் கட்டினீர்கள் என்றேன். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

என்ன ஆனது

மேல் விசாரணையில் பையன் மீதான எஃப்.ஐ.ஆர். 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்', அதாவது தகவல் பிழை என்று முடிக்கப்பட்டது. ஜீப்பை ஓட்டிய காவலருக்குத் துறைரீதியாகக் குறிப்பாணை. அவர் 46 வினாடியில் ஆம்புலன்சைக் கூப்பிட்டதையும் கோட்டைக் கழற்றி வைத்ததையும் எங்கள் தரப்பிலிருந்தே எழுத்தில் கொடுத்தோம். அது வீட்டாருக்குள் ஒரு சண்டைக்குப் பிறகுதான் முடிந்தது, கடைசியில் பையனே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னதால்.

இழப்பீட்டு மனுவில் எதிரே காப்பீட்டு நிறுவனம் எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 146(2)இன்படி அரசு வண்டிகளுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு, எனவே அரசே நேரடி எதிர்த்தரப்பு. இது தெரியாமல் பல குடும்பங்கள் 'இன்சூரன்ஸ் இல்லையாமே' என்று மனுவே போடாமல் விட்டுவிடுகின்றன. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. பிரேக்குக்கும் பனிக்கும் சேர்த்துப் பையன் பக்கம் 30 சதவீதம் தப்பு என்று கழித்துக்கொண்டார்கள். நான் 20க்கு இழுத்துப் பார்த்தேன், முடியவில்லை. தொடையில் கம்பியோடு நடக்கிறான். படி ஏற முடிகிறது, சமையலறையில் எட்டு மணி நேரம் நிற்க முடியவில்லை, இப்போது கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறான்.

இனி இப்படி வந்தால்

என் பக்கத்தில் மாற்றிக்கொண்டது: விபத்து வீடியோ இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதைப் பார்ப்பதற்கு முன்பே பாதுகாத்து வைக்கச் சொல்லும் கடிதம் போய்விடுகிறது, அன்றே, மின்னஞ்சலிலும் தபாலிலும். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துக் கருத்துச் சொல்வதில்லை. மூலம் கிடைத்ததும் முதல் வேலை மணியைச் சரிபார்ப்பது, அதற்கு வெளியிலிருந்து ஒரு நேரம் வேண்டும், 108 பதிவு, போன் பட்டியல், சோதனைச் சாவடிக் கேமரா, எதுவாக இருந்தாலும் சரி. ஒன்றும் நடக்காத நிமிடங்களைத்தான் இப்போது முதலில் பார்க்கிறேன்.

போலீஸ் பக்கத்தில் என்ன மாறியது என்று முழுதாக எனக்குச் சொல்ல முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்த்த 167ஏ, போக்குவரத்துக் குற்றங்களுக்கு அபராதம் போட டேஷ்போர்டு கேமராவையும் அங்கீகரிக்கிறது, அந்தக் கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. பொதுமக்களுக்கு அபராதம் போடுகிற கேமராவுக்கு இவ்வளவு கண்டிப்பு. ரோந்து ஜீப் தானே விபத்தில் சிக்கினால் யார் கார்டைக் கழற்ற வேண்டும் என்று எழுதி வைத்த ஒரு காகிதத்தை நான் அந்த விசாரணையில் பார்க்கவில்லை. ஜீப் மோதியதும் கார்டை உறையில் போட்டு முத்திரை வைத்து, வேறு கார்டைப் போட்டு அனுப்ப ஐந்து நிமிடம் போதும். அதை அந்த ஜீப்பில் இருந்தவர் செய்யக் கூடாது, அவர் நல்லவராக இருந்தாலும், இந்த எஸ்.எஸ்.ஐ. நல்லவர்தான், ஆனால் அவருக்கே அது நல்லதில்லை.

சமரசக் கையெழுத்து நாளில் நீதிமன்ற வராந்தாவில் எல்லோரும் ஒன்றாகத்தான் நின்றோம். எஸ்.எஸ்.ஐ. பையனிடம் வந்து கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார், பையன் பரவாயில்லை சார் என்றான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "ஹாரன் அடிச்சோம் தம்பி, ரெண்டு தடவை" என்றார்.

"எனக்குக் கேக்கலீங்க சார்" என்றான் அவன்.